முதலில் அப்பா, அப்புறம் அம்மா

தேவாரம் ஊரின் கொல்லைகளில் பூசணிக்கொடி போட்டவர்களுக்கு ஆண் பூ எது, பெண் பூ எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இதழுக்குக் கீழே குட்டிக்காய் திரண்டிருந்தால் பெண். வெறும் காம்பாக இருந்தால் ஆண். தேனீ வராத காலத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்துப் போட்டுவிட்டு, பெண் பூவின் நடுவில் தடவிவிடுவதும் பலருக்குப் பழகிய வேலைதான். இரண்டும் தனித்தனிப் பூக்கள். மகரந்தத்தை இங்கிருந்து அங்கே கொண்டுபோக ஓர் ஆள் வேண்டும். இதில் புதிர் ஒன்றும் இல்லை.

ஊருக்கு மேற்கே நிற்கும் மலைமீது ஏறினால்தான் புதிர் தொடங்குகிறது. அங்கே ஏலச்செடியின் ஒவ்வொரு பூவிலும் ஆண் பாகமும் பெண் பாகமும் ஒட்டினாற்போலச் சேர்ந்தே இருக்கின்றன. ஆனாலும் பூக்கும் பருவத்தில் தேனீ வராவிட்டால் சரத்தில் பூ வரும், உதிரும், காய் பிடிக்காது. அதற்காகவே தோட்டக்காரர்கள் தேனீப் பெட்டி வைக்கிறார்கள். பூ விரிந்திருக்கும் காலை நேரத்தில் மருந்து அடிக்காதே என்று ஆட்களிடம் சொல்லிவைக்கிறார்கள்.

ஒரே பூவுக்குள் ஆணும் பெண்ணும் இருக்கும்போது வெளியாள் எதற்கு? இந்தக் கேள்விக்கு ஏலத்தைவிடத் தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய பூ ஒன்று உண்டு. அது மணிப்பூ.

மணியாகத் தொங்குவதெல்லாம் மணிப்பூ அல்ல

2018-இல் போடிக்கு மேலே கொழுக்குமலைச் சரிவில் குறிஞ்சி பூத்தபோது பார்க்கப் போனவர்கள், நீல மணிகள் கொத்துக் கொத்தாக நின்றதைப் பார்த்திருப்பார்கள். வடிவம் மணிதான், குலம் வேறு. குறிஞ்சி நம் வீட்டுக் கனகாம்பரத்தின் உறவு.

உண்மையான மணிப்பூக் குடும்பத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் தோட்டத்தில் அழகுக்காக வளர்க்கப்படுவது பெரும்பாலும் கேம்பனுலா. நீலம், ஊதா, வெள்ளை நிறங்களில் ஐந்து மடல் கொண்ட மணிப்பூக்கள். குளிர் விரும்பி, உதகை, கொடைக்கானல் போன்ற இடங்களில் வளரும், தேவாரத்து வெயிலில் வதங்கிவிடும். ஆனால் அதே குடும்பத்துக் காட்டுச்செடி ஒன்று நம் மலையிலேயே தானாக வளர்கிறது. அதன் பெயர் காட்டுப்புகையிலை. ஆளுயரத்துக்கு மேல் வளரும்; தண்டு உள்ளே பொள்ளலாக இருக்கும்; இலை புகையிலை இலையைப்போல நீண்டிருக்கும்; கிள்ளினால் பால் வடியும். அந்தப் பாலும் காய்ந்த இலைத்தூளும் மூக்கையும் தொண்டையையும் அரிக்கும். ஆடுமாடு அதை விட்டுவிலகிப் போவதற்குக் காரணம் அதுதான்.

முதலில் தோட்டத்து மணிப்பூவை எடுத்துக்கொள்வோம். அங்கேதான் வேலை எளிதாகக் கண்ணுக்குத் தெரியும்.

மொட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் கைமாற்று

பூவின் நடுவில் ஒரு தண்டு நிற்கும். அது பெண் பாகம், சூல்தண்டு என்போம். அதன் நுனிதான் மகரந்தத்தை ஏற்கும் இடம், அது சூல்முடி. அடியில் விதையாகப் போகும் சூல்கள் இருக்கும். தண்டைச் சுற்றி ஐந்து மகரந்தப் பைகள் நிற்கும். அவை ஆண் பாகம்.

நாளை விரியப்போகும் கேம்பனுலா மொட்டு ஒன்றை நகத்தால் கீறித் திறந்து பாருங்கள். ஐந்து மகரந்தப் பைகளும் ஒன்றையொன்று நெருக்கி, நடுத்தண்டைச் சுற்றிக் குழாயாக நிற்கும். தண்டின் வெளிப்புறம் முழுக்க நுண்ணிய மயிர்கள். புட்டி கழுவும் பிரஷ் மாதிரி. மொட்டு மூடியிருக்கும்போதே பைகள் வெடித்து, மகரந்தம் முழுவதையும் இந்த மயிர்களின்மேல் கொட்டிவிடுகின்றன. தண்டு வளர்ந்து நீள்கிறது. பைகளுக்கு இனி வேலையில்லை. சுருங்கி, பூவின் அடியில் வாடிக் கிடக்கின்றன.

மறுநாள் பூ விரியும்போது பார்ப்பவருக்கு ஆண் பாகமே இல்லாதது போலத் தெரியும். இருப்பது பெண் தண்டு மட்டும். அதன் உடம்பெல்லாம் மகரந்தப் பொடி. பெண் உறுப்புதான் ஆணின் பொடியைச் சுமந்து நிற்கிறது. இத்தனை பொடி பூசியும் அது கருவுறுவதில்லை. பொடி பட்டிருப்பது தண்டின் பக்கவாட்டில். ஏற்கும் பரப்போ நுனியில், மூன்று மடலாக மடிந்து ஒட்டி மூடிக்கிடக்கிறது. பெண் பாகம் இன்னும் திறக்கவில்லை.

ஒரு பூவின் வாழ்நாள்

இப்போது அந்த ஒரு பூவையே தொடர்ந்து கவனிப்போம்.

முதல் கட்டம்: பூ விரிந்துவிட்டது. தேன் அடியில் இருக்கிறது. தேனீ உள்ளே நுழைந்து, தண்டைப் பற்றி ஏறும்போது வயிற்றிலும் முதுகிலும் பொடி ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் இந்தப் பூ தகப்பன் மட்டுமே. இதன் மகரந்தம் வேறெங்கோ ஒரு பூவில் போய்ச் சேர வேண்டும்.

இரண்டாம் கட்டம்: தண்டின் மயிர்கள் ஒவ்வொன்றாக உள்ளே இழுக்கப்படுகின்றன. இழுபடும்போது அவற்றைப் பிடித்திருந்த மகரந்தம் கழன்று, தேனீக்கு எளிதாகக் கிடைக்கிறது. எல்லாப் பொடியும் முதல் தேனீயோடே போய்விடாமல், கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் ஏற்பாடு இது.

மூன்றாம் கட்டம்: மூடியிருந்த நுனி மூன்று மடலாகப் பிரிந்து வெளிப்புறமாக வளைகிறது. ஏற்கும் பரப்பு இப்போதுதான் காற்றைப் பார்க்கிறது. அதற்குள் பூவின் சொந்தப் பொடி பெரும்பாலும் போய்விட்டிருக்கும். இன்று தேனுக்கு வரும் தேனீ, வேறொரு செடியில் முதல் கட்டத்தில் இருந்த பூவின் பொடியைக் கொண்டுவந்து இந்த மடல்களில் தேய்க்கிறது. நேற்று தகப்பனாக இருந்த பூ இன்று தாய்.

ஆண் பருவம் முந்தி, பெண் பருவம் பிந்தும் இந்த ஏற்பாட்டை ஆண்முந்தல் என்று அழைக்கலாம். ஒரே வீட்டில் இருவரும் இருந்தாலும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதில்லை.

இந்தக் கால அட்டவணை கல்லில் எழுதியதல்ல என்பது இன்னும் சுவாரசியம். ஐரோப்பாவைச் சேர்ந்த, வட அமெரிக்காவில் களையாகப் பரவிய ஊர்ந்து செல்லும் மணிப்பூ இனத்தில் செய்த ஆய்வுகளில், தேனீக்கள் மகரந்தத்தை விரைவாக எடுத்துவிட்டால் பூ பெண் பருவத்துக்கு விரைவாக மாறுவது தெரிந்தது. தேனீ வராவிட்டால் ஆண் பருவம் நீள்கிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்து முடித்த பிறகே பூ வாங்கத் தொடங்குகிறது.

மலையில் ஒரு மாற்று வழி, வயலில் ஒரு சாட்சி

காட்டுப்புகையிலையிலும் முறை இதுதான். கருவி மட்டும் வேறு. அதன் ஐந்து மகரந்தப் பைகளும் ஒட்டி நிரந்தரக் குழாயாகிவிட்டன. பொடி குழாய்க்குள் கொட்டுகிறது. உள்ளே இருக்கும் சூல்தண்டு மெல்ல மேலே வளர்ந்து, பொடியைக் குழாயின் வாய் வழியே கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளுகிறது. பொடி தீர்ந்த பிறகு தண்டின் நுனியே குழாயைவிட்டு வெளியே வந்து இரண்டாகப் பிளந்து விரிகிறது. அதுவரை தகப்பன், அதன்பின் தாய்.

அதன் நீண்ட பூங்கதிர் கீழிருந்து மேலாகப் பூக்கும். ஆகவே எந்த நாளில் பார்த்தாலும் கீழே வயதான பெண் பருவப் பூக்கள், மேலே புதிய ஆண் பருவப் பூக்கள். இப்படிப்பட்ட கதிர்களில் தேனீக்கள் பெரும்பாலும் கீழே தொடங்கி மேலே ஏறும். வேறு செடியிலிருந்து கொண்டுவந்த பொடியைக் கீழ்ப்பூக்களிடம் கொடுக்கின்றன. மேல்பூக்களில் புதுப் பொடியைப் பூசிக்கொண்டு அடுத்த செடிக்குப் பறக்கின்றன. ஏறும் வழக்கமும் பூக்கும் வரிசையும் ஒத்துப்போவதால் சொந்தப் பொடி சொந்தப் பூவில் சேரும் வாய்ப்பு குறைகிறது.

மலைக்குப் போக முடியாதவர்கள் வயலிலேயே பார்க்கலாம். மணிப்பூவுக்குத் தூரத்து உறவான சூரியகாந்தியும் இதே வித்தையைச் செய்கிறது. நாம் பூ என்று சொல்லும் தட்டில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். வெளிவட்டத்திலிருந்து உள்நோக்கிப் பூத்து வரும். பாதி பூத்த தட்டைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வட்டத்தில் கருங்குழாய்கள்மேல் மஞ்சள் பொடி பிதுங்கி நிற்கும்: அது ஆண் பருவம். அதற்கு வெளியே உள்ள வட்டத்தில் ஒவ்வொரு பூவின் நுனியும் இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும்: அது பெண் பருவம். மையத்தில் இன்னும் மொட்டு. ஒரே தட்டில் மூன்று வயதும் வட்டம் வட்டமாக.

இத்தனை சிரமம் எதற்கு?

ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருந்தும் வெவ்வேறு காலத்தில் முதிர்கின்றன என்பதை 1793-இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியவர் ஜெர்மனியின் கிறிஸ்டியன் கான்ராட் ஸ்பிரெங்கல். பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், பூக்களைப் பார்ப்பதிலேயே நாளைக் கழித்தவர். என்ன நடக்கிறது என்பதை அவர் காட்டினார். ஏன் என்பதற்குச் சோதனை செய்து விடை தேடியவர் சார்லஸ் டார்வின்.

டார்வின் பதினொரு ஆண்டுகள் செடி வளர்த்தார். ஒரு பக்கம் சொந்த மகரந்தத்தால் வந்த விதை. மறுபக்கம் வேறு செடியின் மகரந்தத்தால் வந்த விதை. இரண்டையும் ஒரே தொட்டியில் எதிரெதிரே நட்டு உயரம் அளந்தார். வேலியில் ஊதாப் பூப்பூக்கும் இப்போமியாக் கொடியில் பத்துத் தலைமுறை இப்படிச் செய்தார். மொத்தத்தில் கலப்பில் பிறந்த கொடி 100 அளவு வளர்ந்தால் சொந்தத்தில் பிறந்தது சராசரி 77 அளவுதான் வளர்ந்தது. இந்த முடிவுகள் 1876-இல் நூலாக வந்தன.

காரணம் இதுதான். செடிகளில் பொதுவாக ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தாய்வழி, ஒன்று தகப்பன்வழி. ஒன்றில் குறை இருந்தால் மற்றது ஈடுகட்டிவிடும். தாயும் தகப்பனும் ஒரே செடியானால் ஒரே குறை இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது, ஈடுகட்ட ஆளில்லை. நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தால் மருத்துவர்கள் எதற்கு எச்சரிக்கிறார்களோ, செடிக்கும் அதே கணக்கு.

கடைசி நேரத்தில் திறக்கும் கதவு

கால இடைவெளி மட்டும் போதாது. ஒரே செடியில் ஒரு பூ ஆணாகவும் பக்கத்துப் பூ பெண்ணாகவும் இருக்கலாமே? தேனீ இரண்டையும் தொட்டால் மீண்டும் சொந்தப் பொடிதான். அதற்காகப் பல மணிப்பூக்கள் இரண்டாவது தடையும் வைத்திருக்கின்றன. சூல்முடியில் விழும் மகரந்தம் தன் செடியுடையதா, பிறத்தியாருடையதா என்று திசுவே அடையாளம் கண்டுகொள்ளும். தன்னுடையது என்றால் அது மேற்கொண்டு வளர்ந்து சூலைச் சேர விடாது. இதைத் தன்விலக்கு என்போம்.

ஆனால் மலையில் மூடுபனி விலகாத நாட்கள் உண்டு. காற்று ஓயாத நாட்கள் உண்டு. தேனீ வரவே இல்லையென்றால்? ஊர்ந்து செல்லும் மணிப்பூவில் பூ இளமையாக இருக்கும்போது தன்விலக்கு கடுமையாக இருக்கிறது. பூ வயதாக ஆகத் தளர்ந்துவிடுகிறது. இன்னும் சில இனங்களில் சூல்முடியின் மடல்கள் கடைசியில் பின்னோக்கிச் சுருண்டு, தண்டில் மிஞ்சியிருக்கும் சொந்தப் பொடியைத் தொடுகின்றன. முதலில் நல்ல இடமாகப் பார்ப்பது, ஒன்றும் அமையாவிட்டால் இருப்பதை வைத்து முடிப்பது. குறைந்த தரத்தில் சில விதைகள் கிடைத்தாலும், விதையே இல்லாமல் போவதைவிட மேல்.

ஏலம் நேரத்தைப் பிரிக்கவில்லை, இடத்தைப் பிரித்தது

இப்போது ஏலத்துக்குத் திரும்பலாம். ஏலப்பூ விடியும் முன்னே விரிந்து, ஒரே நாளில் ஆயுள் முடிந்து வாடிவிடும். அந்த ஒரு நாளை ஆண் பருவம், பெண் பருவம் என்று அது பங்கு போடவில்லை. மாறாக, இடத்தில் கைவைத்தது. ஊதாக் கோடு போட்ட வெள்ளை இதழுக்கு மேலே ஒரே ஒரு மகரந்தக் கேசரம். அதன் நடுவே புகுந்து வெளியே வரும் சூல்தண்டின் நுனி, பைகளுக்குச் சற்று மேலே நிற்கிறது. பொடி தானாக மேலே ஏறாது. தேனுக்காக இதழுக்கும் கேசரத்துக்கும் இடையே தலையை நுழைக்கும் தேனீயின் முதுகுதான் அதை ஏற்றிவிட வேண்டும்.

மணிப்பூவைப்போல ஏலத்துக்குத் தன்விலக்கு இல்லை. சொந்தப் பொடியானாலும் காய் பிடிக்கும். அதற்கு வேண்டியது கொண்டுசேர்க்கும் ஆள் மட்டும். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு ஏலம் சொல்லும் பதில் இது: ஆணும் பெண்ணும் ஒரே பூவில்தான், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை.

காய் எங்கே திறக்கிறது?

கருவுற்ற பின் செடிக்கு அடுத்த வேலை விதையை அனுப்புவது. தலைகீழாகத் தொங்கும் மணிப்பூக்களின் காயும் தொங்கியபடியே முற்றும். நுனியில் வாய் திறந்தால் விதை மொத்தமும் தாய்ச்செடியின் காலடியிலேயே கொட்டிவிடும். எனவே அந்தக் காய்களில் துளைகள் காம்பை ஒட்டிய பக்கத்தில், அதாவது தொங்கும் நிலையில் மேல்பக்கத்தில் திறக்கின்றன. பலமான காற்று உலுக்கினால் மட்டுமே சில விதைகள் வெளியே தெறிக்கும். பலமான காற்று அவற்றைத் தூரத்துக்கும் கொண்டுபோகும். நிமிர்ந்து நிற்கும் காய் கொண்ட இனங்களிலோ துளை நுனிப்பக்கம் இருக்கும். இரண்டிலும் துளை இருப்பது மேலே.

விதை தூசு மாதிரி நுண்ணியது. உள்ளே இருக்கும் உணவு கொஞ்சம். மண்ணுக்கடியில் ஆழமாகப் புதைத்தால் முளை வெளிச்சத்தைத் தொடுவதற்குள் உணவு தீர்ந்துவிடும். தோட்டத்தில் போடுபவர்கள் ஈர மண்ணின்மேல் தூவி, மூடாமல் விட்டு, பூவாளியால் அல்லாமல் தெளிப்பானால் நீர் காட்ட வேண்டும்.

ஏலவிதை பெரியது, ஆனால் அஞ்சறைப்பெட்டி ஏலக்காயைத் தொட்டியில் போட்டால் முளைக்காது. கடைக்கு வரும் காயைச் செடியில் முழுதும் பழுக்கவிடாமல் பறித்து, ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் 45 முதல் 55 டிகிரிச் சூட்டில் உலர்த்துகிறார்கள். பச்சை நிறம் தங்குகிறது. முளைக்கும் உயிர் போய்விடுகிறது. நாற்றுக்கு எடுப்பவர்கள் செடியிலேயே பழுத்த காயைப் பறித்து, விதையைச் சுற்றியுள்ள இனிப்புப் பசையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, தாமதிக்காமல் விதைக்கிறார்கள்.

விதையா, தூரா?

மணிப்பூவுக்கும் ஏலத்துக்கும் பெருக இன்னொரு வழியும் இருக்கிறது. பல ஆண்டு வாழும் மணிப்பூக்களைத் தூரோடு தோண்டிப் பிரித்து நடலாம். ஏலத்தில் தட்டை எனப்படும் முதிர்ந்த தண்டு ஒன்றும் இளங்கன்று ஒன்றும் சேர்ந்தாற்போலத் தூரிலிருந்து பிரித்து நடுவார்கள். இப்படி வரும் செடி குழந்தை அல்ல. அதே செடியின் இன்னொரு துண்டு. அதை நகல்செடி என்போம்.

இதன் வலுவுக்கு நல்லானி ஏலமே சாட்சி. கட்டப்பனைப் பகுதி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தன் தோட்டத்தில் மற்றவற்றைவிட நன்றாகக் காய்த்த செடிகளைப் பொறுக்கியெடுத்துத் தட்டையாகவே பெருக்கினார். 1990-களில் அது ஏலமலை முழுக்கப் பரவியது. விதை போட்டிருந்தால் ஒவ்வொரு நாற்றும் ஒரு விதமாக இருந்திருக்கும். நல்லானி என்ற வகை அங்கேயே கலைந்திருக்கும்.

நகலுக்குப் பலவீனமும் உண்டு. இலையில் வெளிர்கோடு விழவைத்துத் தூரையே முடக்கும் கட்டே நோய் ஒரு வைரஸால் வருவது. அசுவினிப் பூச்சி பரப்புவது. நோய் பிடித்த தூரைப் பிரித்து நட்டால் நோயையும் சேர்த்தே நடுகிறோம். விதை வழியே அந்த வைரஸ் போவதில்லை; ஆகவே விதை நாற்று அந்த நோய் இல்லாமல் தொடங்குகிறது.

பத்துத் தொட்டி, ஒரு செடி

இனி தன்விலக்கு, நகல்செடி என்ற இரண்டு நூலையும் முடிச்சுப் போடலாம். குளிர்ந்த ஊரில் ஒருவர் அழகான மணிப்பூச் செடி ஒன்றைத் தூர் பிரித்துப் பத்துத் தொட்டியாக்குகிறார். அத்தனையும் பூக்கின்றன. தேனீயும் தொட்டி விட்டுத் தொட்டி பறக்கிறது. ஆனால் விதை ஏறக்குறைய இல்லை. உரம் போதவில்லையோ, தண்ணீர் அதிகமோ என்று அவர் யோசிப்பார். சூல்முடிக்குத் தெரிந்த கணக்கு வேறு: தொட்டி பத்தானாலும் செடி ஒன்றுதான். எந்தப் பொடி வந்தாலும் அது சொந்தப் பொடி. பக்கத்து வீட்டிலிருந்து வேறு விதையில் வந்த ஒரே ஒரு செடியைக் கொண்டுவந்து வைத்தால் நிலைமை மாறும்.

ஏலத்தில் இந்தச் சிக்கல் கண்ணில் படாது. தன்விலக்கு இல்லாததால் ஒரே வகைத் தட்டை நட்ட தோட்டத்திலும் தேனீ இருந்தால் காய் நிறையக் காய்க்கும். போடி ஏலச்சந்தைக்கு மூட்டை போகும். ஆனால் அங்கே தேனீ செடிக்குச் செடி சுமந்தாலும் புதிதாக எதையும் கலக்கவில்லை. நாளை புதிய நோய் ஒன்று வந்து அந்த ஒரு வகையைச் சாய்த்தால், தாங்கி நிற்கும் அடுத்த வகையை எங்கிருந்து பொறுக்குவது? வேறுபட்ட செடிகள் கலந்து, விதையில் பிறந்து, ஒன்றுக்கொன்று மாறுபட்டு நிற்கும் தோட்டத்திலிருந்துதான். மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தைப் போன்ற இடங்களில் பலவகைச் செடிகளைச் சேர்த்துக் காப்பாற்றிவருவதற்கு அர்த்தம் இதுதான். இன்றைய விளைச்சலுக்குத் தட்டை போதும். அடுத்த நல்லானி வேண்டுமென்றால், தோட்டத்தின் ஒரு மூலையிலாவது நாற்றுச் செடிகள் கலந்து நிற்க வேண்டும்.